வாசலுக்கு எந்த மணக்கொடி? சென்னை வீடுகளுக்கான ஓர் ஒப்பீடு

வீடு கட்டி முடித்து, கிரகப்பிரவேசமும் ஆன பிறகு, மதில்சுவருக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவே மிஞ்சிய ஐந்தடி மண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. கொடி சீக்கிரம் வளர்ந்து வாசலை மூட வேண்டும், மாலையில் மணக்கவும் வேண்டும், எதை வைக்கலாம்? நர்சரிக்குப் போய்ப் பார்த்தால் குழப்பம் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. இரங்கூன் மல்லி, முல்லை, ஜாதிமல்லி, மனோரஞ்சிதம், கொடிச்சம்பங்கி என எல்லாம் ஒரே அளவுள்ள கறுப்புப் பைகளில், ஒரே உயரத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. முழங்கால் உயரத்தில் எல்லாக் கொடிகளும் அடக்கமானவைதாம். ஐந்தாண்டு கழித்து ஒன்று படிக்கட்டின் கைப்பிடியளவில் நிற்கும். இன்னொன்று பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றியிருக்கும்.

நங்கநல்லூரில் முப்பது ஆண்டுகளாக ஒரே வீட்டில் இருக்கிறேன். இங்கே ஒப்பிடப்போகும் கொடிகளில் முல்லையையும் இரங்கூன் மல்லியையும் மனோரஞ்சிதத்தையும் என் கையால் நட்டு வளர்த்திருக்கிறேன். குருக்கத்தியை உறவினரின் தோப்பில் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். இவற்றில் எது சிறந்தது என்பதற்குப் பொதுவான விடை இல்லை. ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: பூவைப் பார்த்துக் கொடியைத் தேர்ந்தெடுத்தவர்களே பிற்பாடு வருந்துகிறார்கள். வீட்டில் எந்தப் பந்தல் நிற்க முடியும், அதை ஆண்டுதோறும் யார் வெட்டுவார்கள் என்ற இரண்டையும் முதலில் முடிவு செய்தவர்களுக்கு அநேகமாகச் சிக்கல் வருவதில்லை.

முதலில் அளக்க வேண்டியவை

முதலாவது, மணத்தின் நேரம். காலை எட்டு மணிக்கு வீட்டைப் பூட்டிவிட்டு இரவு திரும்பும் குடும்பத்துக்குப் பகலில் மணக்கும் பூவால் பெரிய பயன் இல்லை. பகல் முழுவதும் வீட்டிலேயே இருக்கும் பெரியவர்களுக்கோ இரவு பத்து மணிக்கு உச்சம் பெறும் மணம் தூக்கத்தில் கழிந்துவிடும். படுக்கையறை சன்னலை ஒட்டி வைப்பதானால் இன்னும் கவனம் வேண்டும். கடுமையான மணம் சிலருக்குத் தலைவலியைத் தருகிறது.

இரண்டாவது, சுமையும் காற்றும். கொடி என்றதும் மெலிந்த பொருளொன்று மனத்தில் தோன்றுகிறது. முதிர்ந்த கொடியோ அடிமரம் கொண்டது. மழைநாளில் இலைகளில் தங்கும் நீரும், பாய்மரம் போலக் காற்றை வாங்கும் இலைப்பரப்பும் சேர்ந்து தாங்கும் அமைப்பின் மீது விழுகின்றன. சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கிடைக்கிறது. புயல்களும் பெரும்பாலும் அதே மாதங்களில்தான் வருகின்றன. அதாவது, மழை கண்டு தழைத்த கொடி தன் முழு இலைச்சுமையோடு நிற்கும் வேளையிலேயே பெருங்காற்றும் வருகிறது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

மூன்றாவது, வெயில். இதில் சென்னைக்காரர்கள் பலர் தவறிவிடுகிறோம். சித்திரையின் நடுவிலிருந்து ஆவணித் தொடக்கம் வரை நண்பகல் சூரியன் நமக்குச் சற்று வடக்கே நிற்கிறது. தை மாதத்தில் நாள் முழுவதும் வெயில் பட்ட தெற்குச் சுவர் ஆனியில் நிழலில் கிடக்கும். வடக்குச் சுவர் அப்போது வெயில் வாங்கும். ஆகவே ஒரு நாள் பார்த்துவிட்டு முடிவு செய்யாமல், அந்த இடத்தில் ஆண்டின் இருவேறு பருவங்களில் எத்தனை மணி நேரம் நேரடி வெயில் விழுகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

நான்காவது, மண்ணும் நீரும். பெசன்ட் நகர், திருவான்மியூர், நீலாங்கரைப் பக்கம் கடல்மணல். ஊற்றிய நீர் நிற்காது, ஆழ்குழாய் நீரில் உப்பு இருக்கும், காற்றிலும் உப்பு வரும். அம்பத்தூர், கொளத்தூர், விருகம்பாக்கம் பக்கம் களிமண். ஐப்பசி மழையில் வேர் நாள்கணக்கில் நீரில் ஊறும். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படியொரு கோடை மீண்டும் வந்தால் குளித்த நீரைக் கொண்டு தாக்குப்பிடிக்கும் கொடி எது என்பதும் ஓர் அளவுகோல்தான்.

ஐந்தாவது, வெட்டும் கை. வேகமாக வளர்வது என்றால் வேகமாக வெட்ட வேண்டியது என்றே பொருள். ஏணியில் ஏறி வெட்ட வீட்டில் ஆள் உண்டா, அல்லது கூலிக்கு ஆள் வர வேண்டுமா? வெட்டிய கழிவை எங்கே போடுவது? கன்றின் விலையை விசாரிப்பவர்கள் இந்தச் செலவை விசாரிப்பதில்லை. கன்றின் விலை ஒரு முறையோடு முடிந்துவிடும். இது கொடி இருக்கும்வரை தொடரும்.

கடைசியாக, பூ யாருக்கு என்ற கேள்வி. தலையில் சூட, சாமிக்குச் சாத்த என்றால் தொடுக்கத் தகுந்த பூவாகவும் கைக்கு எட்டுவதாகவும் இருக்க வேண்டும். வாசலில் நிற்கையில் மணந்தால் போதும் என்றால் தேர்வு விரிகிறது.

காகிதப்பூ, சங்குப்பூ, பூண்டுக்கொடி ஆகியவற்றை இங்கே சேர்க்கவில்லை. அழகில் குறைந்தவை அல்ல. ஆனால் நாம் தேடும் மணம் அவற்றின் பூக்களில் இல்லை.

இரங்கூன் மல்லி: வேகமும் அதன் செலவும்

பெயரில் மல்லி இருந்தாலும் இது மல்லிகைக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. நீர்மருது, கடுக்காய், தான்றி ஆகிய மரங்களின் குடும்பம் இது. அதன் உறுதியும் பிடிவாதமும் இந்தக் கொடியிலும் உண்டு. மாலையில் வெள்ளையாக மலர்ந்து, மறுநாள் இளஞ்சிவப்பாகி, அடுத்த நாள் செஞ்சிவப்பாகும் பூக்கள் ஒரே கொத்தில் மூன்று நிறத்தில் தொங்கும். நீண்ட குழல் போன்ற அந்தப் பூவுக்கு இரவில் பருந்து அந்துப்பூச்சி தேடி வருகிறது. வெள்ளை நிறமும் இரவு மணமும் அதற்கான அழைப்பு. நிறம் மாறிய பிறகு பகலில் தேனீயும் தேன்சிட்டும் வருகின்றன. இரவு ஏழு மணிக்கு மேல் எங்கள் வாசலில் பழத்தின் இனிப்பு கலந்த ஒரு மணம் நிற்கும். நெருங்கி முகர்ந்தால் மெலிதாகவும், பத்தடி தள்ளி நின்றால் நன்றாகவும் தெரியும் மணம் அது.

வேகத்தில் இதற்கு இணையான மணக்கொடி சென்னையில் இல்லை. ஐந்தாறு மணி நேர வெயில் கிடைத்தால் இரண்டாம் ஆண்டிலேயே வாசல் வளைவை மூடிவிடும். வேர் பிடித்த பிறகு கோடை வறட்சியைத் தாங்கும். 2019இல் குளியலறை நீரை மட்டும் கொடுத்து எங்கள் கொடியைக் காப்பாற்ற முடிந்தது. பூச்சித் தொல்லையும் மிகக் குறைவு.

மறைந்திருக்கும் செலவுகளைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இலை உதிர்ந்த பிறகு அதன் காம்பின் அடிப்பகுதி கெட்டியாகி முள் போல நின்றுவிடும். கொடி அதைக் கொக்கியாகக் கொண்டு ஏறுகிறது. வெட்டுபவரின் கையையும் அதுவே கிழிக்கிறது. வேரிலிருந்து பக்கக்கன்றுகள் சில அடி தள்ளிக்கூடக் கிளம்பும். பக்கத்து மனையில் முளைத்தால் உறவு கசக்கும். சன்ஷேடின் மேல், மழைநீர்க் குழாயின் பின்புறம், ஏ.சி.யின் வெளிப்பெட்டிக்குள் என்று கிடைத்த இடத்தில் நுழையும். மாடிக்கு எதிரே மின்கம்பி போனால் இதை நடவே கூடாது. கம்பியில் ஏறிய கொடியை நாமே வெட்டுவது உயிருக்கு ஆபத்து, மின்வாரிய ஊழியர் வந்துதான் எடுக்க வேண்டும்.

2011இல் எங்கள் வாசலுக்கு மேல் மெல்லிய இரும்புக் குழாயில் ஒரு வளைவு போட்டு இதை ஏற்றினேன். குழாயின் கனத்தைப் பற்றி அப்போது நான் யோசிக்கவே இல்லை. ஐந்து ஆண்டில் கொடியின் அடிப்பகுதி என் மணிக்கட்டுப் பருமன் ஆயிற்று. 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது, வளைவு அப்படியே பெயர்ந்து, மதில்சுவரின் மேல்வரிசைக் கற்களையும் இழுத்துக்கொண்டு தெருவில் விழுந்தது. நல்ல வேளையாக அந்த நேரத்தில் யாரும் அங்கே இல்லை. அந்த மழைக்காலத்துக்கு முன் ஒரு முறை இலைச்சுமையைக் குறைத்திருந்தால் வளைவு நின்றிருக்கும் என்பதே என் எண்ணம்.

இந்தக் கொடி புதுத் துளிரில் பூப்பது. அதனால் வெட்டுவதால் பூ குறையாது, மாறாகக் கூடும். புரட்டாசியில் மூன்றில் ஒரு பங்காவது கழித்து, காற்று ஊடுருவிப் போகும்படி விட வேண்டும். தையில் மழைக்காலம் முடிந்தபின் வடிவம் கொடுக்க இன்னொரு முறை வெட்டலாம். ஆண்டுக்கு இரண்டு முறை வெட்ட முடியாது என்பவர்கள் இதை நடாமல் இருப்பதே நல்லது.

தெருவைப் பார்த்த அகலமான மதில், கார் நிற்கும் இடத்துக்கு மேல் உறுதியான பந்தல், நல்ல வெயில் ஆகியவை உள்ள தனி வீட்டுக்கு இதுவே முதல் தேர்வு. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: உதிரும் பூக்கள் காரின் மேலும் தரையிலும் விழுந்து, மழையில் நனைந்து வழுக்கும், தினமும் பெருக்க வேண்டும்.

முல்லை: கைக்கு எட்டும் பூ

பற்றுக்கோடின்றித் துவண்ட முல்லைக்குப் பாரி தன் தேரை நிறுத்திவிட்டுப் போனதைப் பள்ளியில் படித்திருக்கிறோம். தோட்டக்காரனின் கண்ணோடு பார்த்தால் அது இந்தக் கொடியின் இயல்பைச் சரியாகச் சொல்லும் கதை. முல்லைக்குத் தானாகப் பற்றி ஏறும் வலு குறைவு. கொக்கியும் இல்லை, பற்றுக்கம்பியும் இல்லை. கிளையைக் கையில் எடுத்துச் சணல்கயிற்றால் தளர்வாகக் கட்டிவிட்டால்தான் மேலே போகும். இதைக் குறையாகப் பலர் சொல்கிறார்கள். சிறிய வீட்டுக்கு இது பெரிய வசதி என்று நான் கருதுகிறேன். நாம் கட்டிய இடத்தில் நிற்கும் கொடி பக்கத்து வீட்டுக்குப் போகாது, மின்கம்பியைத் தொடாது.

மணத்தில் நான்கு கொடிகளில் முதலிடம் இதற்குத்தான். மாலை ஐந்தரை, ஆறு மணிக்கு மொட்டு விரியும்போது தொடங்கும் மணம் விடியும்வரை இருக்கும். காலையில் பறித்த மொட்டைத் தொடுத்து ஈரத்துணியில் வைத்தால் மாலை சூடும் வேளைக்குச் சரியாக விரிந்துகொள்ளும். தெருமுனைப் பூக்காரம்மாவிடம் ஒரு முழம் முல்லைக்கு முகூர்த்த நாளில் என்ன கேட்கிறார்கள் என்பதை அறிந்தவர்களுக்கு வீட்டில் பூக்கும் முல்லையின் அருமை விளங்கும்.

கன்று வாங்கும்போது கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட பாரிமுல்லை, கோ 1, கோ 2 என்ற வகைகளைக் கேட்டுப் பார்க்கலாம். இலையிலும் மொட்டிலும் வெள்ளைக் கம்பளி போலப் படரும் ஒருவகைப் பேன் முல்லைக்குப் பெரிய தொல்லை; பாரிமுல்லை அதை ஓரளவு எதிர்த்து நிற்கும்.

முல்லையில் செலவு என்பது கவனிப்புத்தான். ஆறு மணி நேரத்துக்குக் குறையாத வெயில் வேண்டும். குறைந்தால் இலை மட்டும் வளரும். வெயில் இருந்தும் பூக்காத முல்லை பெரும்பாலும் வெட்டப்படாத முல்லைதான். தை மாதக் கடைசி வாரத்தில், மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு, இரண்டடி உயரத்துக்குக் கவாத்து செய்து, இலைகளை நீக்கி, தொழுவுரம் வைத்தால் கோடையில் கொடி முழுவதும் மொட்டாக நிற்கும். எங்கள் அம்மா முதல் முறை நான் வெட்டியதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சித்திரையில் கூடை நிறையப் பறித்தபோது அந்த வருத்தம் தீர்ந்தது. பூக்கும் காலத்தில் மொட்டுப்புழு வரும். வாரம் ஒரு முறை, ஒரு லிட்டர் நீருக்கு மூன்று மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளித்து, துளை விழுந்த மொட்டுகளைக் கிள்ளி அப்புறப்படுத்தினால் கட்டுக்குள் இருக்கும்.

கடினநீர் இதற்கு ஆகாது. நரம்பு பச்சையாக இருக்க, இலையின் மற்ற பகுதி மஞ்சளாவதைச் சென்னையில் பல வீடுகளில் காணலாம். இரும்புச் சத்துக் குறைவால் வருவது அது. நாட்டு மருந்துக் கடையிலும் உரக்கடையிலும் கிடைக்கும் அன்னபேதி உப்பை லிட்டருக்கு ஐந்து கிராம் வீதம் கரைத்து இலைமீது தெளித்தால் இரண்டு மூன்று வாரத்தில் பச்சை திரும்பும். ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரில் உப்பு இல்லை; அதைப் பிடித்து முல்லைக்கு ஊற்றலாம். ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் நீரைத் தப்பித்தவறியும் ஊற்றக் கூடாது.

ஜாதிமல்லி எனும் பிச்சியும் இதே வரிசையில் வரும். அடியில் சிவப்போடிய மொட்டு, சற்றுப் பெரிய பூ, முல்லையைவிட நீண்ட கிளை. டிசம்பர் இறுதியில் கவாத்து. முல்லை ஓயும் மழைக்காலத்தில் இது கைகொடுக்கும் என்பதால், இடம் இருந்தால் இரண்டையும் ஒரே பந்தலில் எதிரெதிர் மூலையில் நடலாம்.

மறைப்பு வேண்டும் என்பவர்களுக்கு மட்டும் முல்லை ஏமாற்றம் தரும். ஆண்டுக்கு இரண்டு மாதம் வெட்டிய குச்சியாக நிற்கும் கொடியால் எதிர்வீட்டுச் சன்னலை மறைக்க முடியாது.

மனோரஞ்சிதம்: பொறுத்திருப்பவர்களுக்கு

சீத்தாப்பழத்தின் குடும்பத்தைச் சேர்ந்த இந்தச் செடி, கொடிக்கும் புதருக்கும் நடுவே நிற்பது. பூக்காம்பே கொக்கி போல வளைந்து, பின்னர் மரம் போலக் கெட்டியாகி, கிடைத்ததைப் பற்றிக்கொள்ளும். பூ முதலில் இலையின் பச்சையிலேயே ஒளிந்திருக்கும்; மணம் வந்த பிறகுதான் நாம் தேடவே தொடங்குவோம். மஞ்சளாகப் பழுக்கும்போது மணம் உச்சத்தை அடைகிறது. மனத்தில் எந்தப் பழத்தை நினைக்கிறோமோ அந்தப் பழத்தின் வாசனை வரும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். என் மகள் பலாவை நினைப்பாள், நான் வாழையை நினைப்பேன். இருவருக்கும் சரியாகவே இருக்கிறது. ஒரே ஒரு பூவைக் கிண்ணத்தில் வைத்தால் கூடம் முழுவதும் மணக்கும்.

இதன் பெருமை, சென்னையின் நெருக்கமான வீடுகளுக்குப் பொருந்தும் இயல்பில் இருக்கிறது. மூன்று நான்கு மணி நேர வெயிலே போதும். இரு வீடுகளுக்கு நடுவேயுள்ள ஐந்தடிச் சந்தில்கூட வளரும். ஆண்டு முழுவதும் பளபளப்பான கரும்பச்சை இலையோடு நிற்பதால் மறைப்புக்கும் ஏற்றது. வெட்டி வெட்டிப் புதராகவே வைத்துக்கொள்ளலாம், அல்லது கம்பி கட்டிச் சுவரோரம் படரவிடலாம். வெகுசில நாட்களே பூ இருக்கும் என்று எண்ண வேண்டாம். மொத்தமாகப் பூத்துக் குலுங்காவிட்டாலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக நீண்ட காலம் பூத்துக்கொண்டிருக்கும்.

இதற்கு ஆகும் செலவு காலம். முதல் இரண்டு ஆண்டுகள் செடி நின்ற இடத்திலேயே நிற்பது போலத் தோன்றும். விதைக்கன்று பூக்கச் சில ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும்; பதியன் கன்று விரைவில் பூக்கும் என்பதால், விலை கூடினாலும் பதியனைக் கேட்டு வாங்குவதே சரி. இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. இலாங்-இலாங் எனப்படும் மரமும் இதே குடும்பம், அதன் பூவும் பச்சையிலிருந்து மஞ்சளாகி மணப்பது. பெயர்க்குழப்பத்தால் மனோரஞ்சிதம் என்று அதைக் கொண்டுவந்து நட்டால், சுவரோரத்தில் ஒரு மரம் கிளம்பிவிடும். மனோரஞ்சிதத்தின் இதழ் தடித்துக் குட்டையாக இருக்கும். மற்றதன் இதழ் நாடா போல நீண்டு தொங்கும். பூவோடு நிற்கும் தாய்ச்செடியைக் காட்டச் சொல்லிப் பார்த்து வாங்க வேண்டும்.

இந்தப் பூவுக்குப் பாம்பு வரும் என்ற அச்சத்தால் பலர் நடத் தயங்குகிறார்கள். மணத்தைத் தேடிப் பாம்பு வருவதில்லை. அடர்ந்த புதரின் அடியில் எலியும் தவளையும் தங்கினால், அவற்றைத் தேடி வரலாம். இது எந்த அடர்ந்த செடிக்கும் பொருந்தும். அடிப்பகுதியில் இரண்டடி உயரம்வரை கிளைகளை நீக்கி, சருகைப் பெருக்கி வைத்தால் அச்சத்துக்கு இடமில்லை. வருகிற விருந்தாளி வேறொன்று: பச்சைப் புள்ளிகளுடைய வால் வண்ணத்துப்பூச்சி இதன் இளந்தளிரில் முட்டையிடும். புழு சில இலைகளைத் தின்னும். விட்டுவிடுங்கள், செடிக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

குருக்கத்தி: இடம் உள்ளவர்களுக்கு மட்டும்

மாதவி என்றும் குருக்கத்தி என்றும் சங்க காலம் முதல் நாம் அறிந்த கொடி இது. மாசி, பங்குனியில் வெள்ளை இதழ்களின் ஓரம் சிலிர்த்து, ஒரே ஓர் இதழில் மட்டும் மஞ்சள் தீட்டியது போல மலரும் கொத்துகளை முதல் முறை பார்ப்பவர்கள் அசந்து நிற்பார்கள். காய்க்கு மூன்று சிறகுகள். காற்றில் சுழன்றபடி தூரம் போய் விழும். நம் கீழைக் கடற்கரையின் உலர் பசுமைக்காடுகளுக்கு உரியது என்பதால் வறட்சியையும் காற்றையும் அறிந்த கொடி.

ஆனால் இது காட்டுக்கொடி. மரத்தின் மீது ஏறினால் அதன் முடியை மூடிவிடும். அடி முற்றினால் தொடைப் பருமன் ஆகும். மொரிசியஸ், ரீயூனியன் தீவுகளுக்கு அழகுக்காகக் கொண்டுபோகப்பட்டு, இன்று அங்குள்ள காடுகளுக்குக் கேடு செய்யும் ஆக்கிரமிப்புக் கொடியாகிவிட்டது. இது நம் மண்ணுக்கு உரியது என்பதால் அத்தகைய கேடு இங்கு இல்லை. வளரும் வலுவென்னவோ அதேதான். செங்கற்பட்டுப் பக்கம் தோப்பு வைத்திருப்பவர்களும், பெரிய வளாகமுள்ள பள்ளியோ கோயில் நந்தவனமோ பராமரிப்பவர்களும் தயங்காமல் நடலாம். ஒரு மனை, அரை மனை வீட்டுக்கு வேண்டாம். பூக்கும் காலமும் ஆண்டில் சில வாரங்களே.

பால்கனிக்கு: கொடிச்சம்பங்கி, நித்தியமல்லி

அடுக்குமாடியில் இருப்பவர்கள் மேற்சொன்ன நான்கில் முல்லையை மட்டுமே தொட்டியில் முயல முடியும், அதுவும் வெயில் இருந்தால். அரைவெயில் பால்கனிக்குக் கொடிச்சம்பங்கி நல்லது. மெல்லிய தண்டு, பச்சை கலந்த மஞ்சள் கொத்து, மாலையில் கிரில் வழியாகக் கூடத்துக்குள் வரும் மணம். மஞ்சள் அசுவினி தளிரில் மொய்க்கும். நீரைப் பீய்ச்சியடித்தாலே பெரும்பகுதி போய்விடும். கிள்ளினால் வரும் பால் கண்ணில் படக் கூடாது. நித்தியமல்லி பெயருக்கேற்ப ஆண்டு முழுவதும் பூக்கும், சாமிக்கு நாள்தோறும் பூ கிடைக்கும். ஆனால் மணம் முல்லையின் பக்கத்தில் நிற்காது.

| கொடி | மணக்கும் நேரம் | வேண்டிய நேரடி வெயில் | மூடுவதற்கு ஆகும் காலம் | வெட்டும் காலம் |
|---|---|---|---|---|
| இரங்கூன் மல்லி | இரவு | 5 முதல் 6 மணி நேரம் | 2 ஆண்டு | புரட்டாசி, தை |
| முல்லை | மாலை முதல் விடியல் வரை | 6 மணி நேரத்துக்கு மேல் | முழுமையாக மூடாது | தை இறுதி |
| மனோரஞ்சிதம் | பூ பழுக்கும்போது, பகலிலும் | 3 முதல் 4 மணி நேரம் | 4 ஆண்டுக்கு மேல் | தேவைப்படும்போது லேசாக |
| குருக்கத்தி | பூக்கும் சில வாரங்கள் | நாள் முழுவதும் | 3 ஆண்டு | பூத்து முடிந்தபின் |
| கொடிச்சம்பங்கி | மாலை, இரவு | 3 முதல் 4 மணி நேரம் | பால்கனி கிரிலுக்கு 1 ஆண்டு | மழைக்குப் பின் |

காலக்கணக்கு எங்கள் பகுதியின் மண்ணில் நான் கண்டதைக் கொண்டு சொன்னது. கடல்மணலில் சற்றுத் தாமதமாகும்.

எந்த வீட்டுக்கு எது

வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில், பிள்ளைகள் வெளியூரில் இருந்தால், இரங்கூன் மல்லியை நான் பரிந்துரைப்பதில்லை. ஏணியில் ஏற ஆளில்லாத வீட்டில் அது மூன்றாம் ஆண்டே சுமையாகிவிடும். அவர்களுக்கு மனோரஞ்சிதம். தினமும் பூப்பறிப்பதில் மகிழ்ச்சி காண்பவர்கள் இருக்கும் வீட்டுக்கு, மொட்டைமாடியிலோ தெற்கு, கிழக்கு வாசலிலோ முல்லை. எதிர்வீட்டுப் பார்வையை உடனே மறைத்தாக வேண்டும் என்றால் உறுதியான பந்தலும் ஆண்டுக்கு இரு முறை வெட்டும் ஏற்பாடும் செய்துகொண்டு இரங்கூன் மல்லி. கடற்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள் முல்லையைச் சுவரின் மறைவில், உப்புக்காற்று நேரே படாத பக்கத்தில் வைக்க வேண்டும். கடலைப் பார்த்த பக்கத்துக்கு இரங்கூன் மல்லியே தாங்கும். களிமண்ணில் எதை வைத்தாலும் மண்ணைத் தரையைவிட ஓரடி உயர்த்தி மேடாக்கி நட வேண்டும். நீர் தேங்கினால் முதலில் போவது முல்லைதான்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் தரையில் நடாமல் தொட்டியில் முல்லையையோ கொடிச்சம்பங்கியையோ வைத்துக்கொள்ளட்டும். மாடியில் பெரிய பீப்பாயைப் பாதியாக வெட்டி மண் நிரப்புபவர்கள் ஒரு கணக்கை மறக்கக் கூடாது: நூறு லிட்டர் தோட்டமண் நனைந்தால் 150 கிலோவுக்குக் குறையாது. தூணும் உத்தரமும் உள்ள ஓரத்தில் வைக்க வேண்டும். தென்னைநார்த் தூளையும் மட்கிய எருவையும் கூட்டி மண்ணைப் பாதியாகக் குறைத்தால் சுமையும் குறையும்.

கன்றுக்கு முன் பந்தல்

வர்தாவுக்குப் பிறகு நான் மீண்டும் போட்ட பந்தலுக்கு இரண்டு அங்குலக் கால்வனைஸ்டு குழாய்களை இரண்டடி ஆழக் கான்கிரீட்டில் நிறுத்தினேன். வீட்டுச் சுவரிலோ மதிலிலோ எதையும் மாட்டவில்லை. கொடி விழுந்தாலும் சுவரை இழுக்காது. சுவருக்கும் கொடிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டதால், வெள்ளையடிக்கும்போது ஆள் கை நுழைக்க முடிகிறது, சுவரில் ஈரமும் ஏறவில்லை. கழிவுநீர்த் தொட்டியிலிருந்தும் நிலத்தடிக் குடிநீர்த் தொட்டியிலிருந்தும் குறைந்தது ஆறடி தள்ளியே குழி வெட்டினேன்.

நடுவதற்கு ஆடிக் கடைசியிலிருந்து ஆவணி வரை நல்ல காலம்: கத்தரி வெயில் போயிருக்கும், பெருமழைக்கு முன் வேர் பிடிக்க இரண்டு மாதம் இருக்கும். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி குழியில் மண், மணல், தொழுவுரம் மூன்றையும் சம அளவில் கலந்து, ஒரு பிடி வேப்பம்பிண்ணாக்குப் போட்டு, கன்றை முன்பு பையில் இருந்த அளவுக்கே புதைக்க வேண்டும். அதன் பிறகு கட்டும் முதல் சணல்கயிறு தளர்வாக இருக்கட்டும். இறுக்கிக் கட்டிய கயிறு ஓர் ஆண்டில் தண்டுக்குள் புதைந்துவிடுகிறது.